காதில் விழும் மொழி எது?

பிழைப்பை நாடி வடபுலம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். இடம் மும்பை என்றே வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் வாயிலில் நின்று குரல் கொடுக்கும் பால்காரர் ஒரு மொழி பேசுகிறார். காய்கறி வண்டியைத் தள்ளி வருபவர் தம் மகனை வேறொரு மொழியில் அதட்டுகிறார். மாடிப்படியில் நின்று பேசும் இரண்டு தாய்மாரின் மொழி இவ்விரண்டும் அன்று. இரவுக் காவலர் கைப்பேசியில் தம் ஊருக்குப் பேசும் மொழி நான்காவது. மின்சார ரயிலில் ஏறிவிட்டாலோ கணக்கே இல்லை.

குழந்தை கேட்கிறது: "அப்பா, அவர் என்ன பாஷை பேசுகிறார்?"

நாம் செய்தித்தாளிலிருந்து தலையை உயர்த்தாமலே சொல்கிறோம்: "இந்தியாகத்தான் இருக்கும்."

நம்மை 'மதராஸி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்களே என்று நம்மவர் குறைப்பட்டுக்கொள்ளாத நாள் இல்லை. தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளி அனைவரும் அவர்களுக்கு ஒன்றே. டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கிறது உங்கள் பேச்சு என்று கேலி செய்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அக்கேலி நமக்குச் சுடுகிறது. ஆனால் போஜ்புரியையும் மைதிலியையும் மார்வாரியையும் 'இந்தி' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கும்போது நாம் செய்வது என்ன? அதே காரியந்தான்.

அயல்மொழிகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூற இக்கட்டுரை எழுந்ததன்று. மொழியைக் கற்பது வேறு. இன்ன மொழி என்று இனங்காண்பது வேறு. கற்க ஆண்டுகள் வேண்டும். இனங்காணச் சில வாரக் கவனம் போதும்; ஒரு சொல்லுக்கும் பொருள் தெரிய வேண்டியதில்லை. பொருள் தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஒருவர் பேசும் மொழிக்குப் பெயர் தெரிந்தால், அம்மொழி அறிந்த இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வழி பிறக்கும். பெயரே தெரியாவிட்டால் யாரைத் தேடுவது? இதன் அருமை எத்தகையது என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில், இது நம்மால் இயலுமா என்னும் ஐயத்தைப் போக்கிக்கொள்வோம். பிறந்து நான்கு நாளே ஆன குழந்தைகளால் இயன்றிருக்கிறது. பாரிஸ் நகரில் ழாக் மேலர் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் செய்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சுக் குடும்பங்களில் பிறந்த பச்சிளங்குழந்தைகள் பிரெஞ்சுப் பேச்சையும் ரஷ்யப் பேச்சையும் வேறுபடுத்தி உணர்ந்தன. வாயில் வைத்த ரப்பர்க் காம்பைக் குழந்தை சூப்பும் வேகத்தைக் கொண்டு இதனை அளந்தார்கள். 1998-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. சொற்கள் தெளிவாகக் கேளாதபடி ஒலியை மங்கலாக்கி, பேச்சின் ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் காதில் விழுமாறு செய்தார்கள். அப்போதும் ஆங்கிலத்தையும் ஜப்பானிய மொழியையும் குழந்தைகள் பிரித்தறிந்தன. ஆங்கிலத்தையும் டச்சு மொழியையும் பிரித்தறியவில்லை. பின்னவை இரண்டும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் நடப்பவை. ஆகவே சொல்லுக்கு முன்னரே மொழியின் நடை காதுக்குப் புலப்படுகிறது. தொலைவில் வருபவரின் முகம் தெரியுமுன் அவர் நடையைக் கொண்டு ஆளைச் சொல்லிவிடுகிறோம் அல்லவா, அது போன்றது இது.

பச்சிளங்குழந்தைக்குத் தாளம் போதும். வளர்ந்த நமக்கோ இன்னும் சில அடையாளங்கள் வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். தெரிந்த சொல் ஏதேனும் காதில் விழுகிறதா என்று காத்திருக்கிறார்கள். 'சமாசாரம்' விழுகிறது, 'காரணம்' விழுகிறது, 'டிக்கெட்' விழுகிறது. இவற்றால் ஒன்றும் தெரியாது. பெயர்ச்சொற்கள் நாடோடிகள், எல்லா மொழி வீடுகளிலும் விருந்துண்பவை. வீட்டை விட்டு வெளியே போகாத சின்னஞ்சிறு சொற்கள் சில ஒவ்வொரு மொழியிலும் உண்டு. வாக்கியத்தின் வாலில் நிற்கும் 'இருக்கிறது' என்னும் சொல்லும், இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கும் 'உடைய' என்னும் உருபும் அத்தகையன. அவற்றைப் பிடித்துக்கொண்டால் ஆள் அகப்பட்டுவிடுவார்.

வாக்கியம் 'ஹை' என்று முடிந்தால் இந்தி அல்லது உருது. 'ஆஹே' என்று முடிந்தால் மராத்தி. 'சே' என்று சற்று அழுத்தி முடிந்தால் குஜராத்தி. 'பா' என்று முடிந்தால், 'கா ஹால் பா?' என்று நலம் விசாரித்தால், அது போஜ்புரி, ஐயமே வேண்டா. 'அச்சி' என்றால் மைதிலியாக இருக்கலாம், ஒடியாவாகவும் இருக்கலாம். 'ஆச்சே' என்றால் வங்காளி. அதுவே 'ஆஸே' என்று மெலிந்தால் அஸ்ஸாமி. 'ச்ச' என்றும், இல்லை என்பதற்குச் 'சைன' என்றும் கேட்டால் நேபாளி. 'ஆசா' என்றால் கொங்கணி. நம் எழுத்தில் இவ்வொலிகளைச் சரிவரக் காட்ட இயலாது என்பதை அன்பர்கள் அறிவார்கள்; இவற்றைக் கண்ணால் படித்து மனப்பாடம் செய்வதைவிட, நாளைக் காலை ரயிலில் காதால் கேட்டு ஒப்பிட்டுக்கொள்வதே முறை.

ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. மும்பையை அடுத்த உல்லாஸ்நகருக்குச் சென்றவர்கள் 'ஆஹே' என்னும் முடிவைக் கேட்டு மராத்தி என்று எண்ணிவிடக்கூடும். 1947-இல் நாடு பிரிந்தபோது சிந்து மாகாணத்திலிருந்து அகதிகளாய் வந்தவர்களைக் கல்யாணுக்கு அருகே இருந்த பழைய ராணுவ முகாமில் குடியேற்றியதால் உண்டான ஊர் அது. சிந்தி மொழியிலும் 'ஆஹே' உண்டு. அப்போது இரண்டாவது சாட்சியை அழைக்கவேண்டும். 'ராமனுடைய' என்பதை மராத்தியர் 'ராமாச்சா' என்பர். சிந்தியர் 'ராம் ஜோ' என்பர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனை மறவாதபடி சொல்ல ஒரு வழி உண்டு. அவர்கள் பாடத்தில் படிக்கும் மொகஞ்சதாரோ என்னும் பெயருக்கு 'இறந்தோருடைய மேடு' என்று பொருள். அதன் நடுவில் நிற்பது இந்த 'ஜோ'தான்.

இந்த 'உடைய' உருபு ஒன்றே பாதி வட இந்தியாவைப் பிரித்துக் காட்டிவிடும். இந்தியில் 'கா', குஜராத்தியில் 'னோ', மார்வாரியில் 'ரோ', பஞ்சாபியில் 'தா', நேபாளியில் 'கோ'. வங்காளியர் பெயரோடு ஒட்டி 'ராமேர்' என்று ரகரத்தில் முடிப்பர். தொடர்ந்து வரும் பெயர் ஆண்பாலா பெண்பாலா என்பதற்கேற்பக் கா, கீ, கே என்று உயிர் மாறும் மொழிகள் பல, மெய் மாறாது. ஆகவே மெய்யைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிர் வீட்டுச் சேட் அம்மாள் 'தாரோ, மாரோ' என்று ரகரத்தை உருட்டினால் அவர் பேசுவது குஜராத்தியோ மார்வாரியோ என்னும் குழப்பம் வரும். குஜராத்தியிலும் 'உன்னுடைய, என்னுடைய' என்பவை அவ்வாறே ஒலிக்கும். ஆனால் பிறர் பெயரோடு சேரும்போது குஜராத்தியர் 'னோ'வுக்கு வந்துவிடுவர். ஒரு நிமிடம் பொறுத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

இனி ஒலிகள். சிலவற்றுக்கு ஈடிணை இல்லை. சிந்தி மொழியில் நான்கு மெய்கள் மூச்சை வெளியே தள்ளாமல் உள்வாங்கி ஒலிக்கப்படுபவை. விக்கலை அடக்கிக்கொண்டு பேசினாற்போல் இருக்கும். கட்ச் பகுதியினரின் கச்சி மொழியிலும் இது உண்டு. பஞ்சாபியில் சுருதி பொருளை மாற்றும். 'கோடா' போன்ற ஒரே ஒலிக்கோவையைத் தாழ்ந்த குரலில் சொன்னால் குதிரை, சமமாகச் சொன்னால் சாட்டை, உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளி. பஞ்சாபியர் பேச்சில் ஒரு பாட்டின் இழை ஓடுவதாக நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே. வங்காளியர் அகரத்தை ஒகரமாக உருட்டுவர். ஜலம் அவர்களுக்கு 'ஜொல்'. லக்ஷ்மி தேவியார் 'லொக்கி' ஆகிவிடுவார். ஒடியாக்காரரோ சொல்லின் இறுதி உயிரை விடமாட்டார். சோற்றை இந்திக்காரரும் வங்காளியும் 'பாத்' என்று வெட்டி முடிக்க, அவர் 'பாத்தொ' என்று உயிர் கொடுத்து முடிப்பார். அதற்கு மேல், நம் ளகரத்தையும் அவர் செம்மையாக ஒலிப்பார். வங்காளிக்கு அது வாராது. மராத்தியரும் குஜராத்தியரும் ளகரத்தைக் கைவிடாதவர்களே. புது தில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் 'பள்ளி'யைப் 'பல்லி' ஆக்கும்போது எனக்கு இந்த ஒடியாக்காரர்களின் நினைவு வருவதுண்டு!

அஸ்ஸாமியர் சகரத்தைத் தொண்டைக்கு அருகே கொண்டுபோய் உரசுவர். அவர்கள் வாயில் அஸ்ஸாம் என்னும் பெயரே 'ஒஹொம்' என்பதற்கு நெருங்கி ஒலிக்கும். ஹைதராபாத், வேலூர், ஆம்பூர் முஸ்லிம் அன்பர்கள் பேசும் தக்கனி உருதுவில், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்றும் ஆம் என்பதற்கு 'ஹௌ' என்றும் வரும். 'நக்கோ' மராத்தியின் 'நகோ'விலிருந்து வந்தது. லக்னோ உருதுக்காரருக்கு அது உடனே காதில் இடறும்.

நம் இனத்து மொழி ஒன்றைப் பற்றி இவ்விடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். மும்பையில் உடுப்பி ஓட்டல் ஒன்றில் அமர்ந்து சமையற்கட்டுப் பக்கம் காதைச் செலுத்துங்கள். கன்னடம் என்று எண்ணியிருப்பீர்கள். 'எஞ்ச உல்லர்?' என்று ஒருவர் நலம் கேட்கிறார். இட்லி உண்டா என்று கேட்டதற்கு மற்றவர் 'இஜ்ஜி' என்கிறார். இந்த 'இஜ்ஜி' நம் 'இல்லை'யின் உடன்பிறப்பு; ஆனால் அது கன்னடம் அன்று, துளு. தென்கன்னடக் கடற்கரையில் பேசப்படுவது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 18 லட்சத்து 46 ஆயிரம் பேர் அதனைத் தாய்மொழி என்று பதிவு செய்தனர். துளுவில் 'நான்' என்பதற்கு 'யான்' என்பர். நாம் செய்யுளிலும் மேடையிலும் மட்டும் போற்றி வைத்திருக்கும் அச்சொல்லை, தோசைக்கல்லுக்கு முன் நிற்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சர்வ சாதாரணமாக வழங்குகிறார். அதே கடற்கரையிலிருந்து வந்து அடுத்த மேசையைத் துடைப்பவர் 'ஆசா' என்று முடித்தால் அவர் கொங்கணியர். ஓர் ஓட்டலுக்குள் கன்னடம், துளு, கொங்கணி மூன்றும் புழங்குவது அங்கே புதுமை அன்று.

இத்தனையும் தெரிந்துகொள்வது பொழுதுபோக்குக்காக மட்டுமா? 2013-இல் இணையத்தில் ஒரு விளையாட்டு தோன்றியது. ஒலிப்பதிவைக் கேட்டு, தரப்பட்ட பெயர்களுள் எது அம்மொழி என்று சொல்லவேண்டும். உலகெங்கும் மக்கள் அதில் ஈடுபட்டனர். 78 மொழிகள், 400 ஒலிப்பதிவுகள், 1 கோடியே 50 லட்சம் விடைகள். அவ்விடைகளை ஆராய்ந்து 2017-இல் அறிஞர் சிலர் கட்டுரை வெளியிட்டனர். ஒன்றுக்கொன்று நெருங்கிய மொழிகளை மக்கள் மாற்றிச் சொல்வர் என்பது எதிர்பார்த்ததே. அதற்கு மேலும் ஒன்று வெளிப்பட்டது. ஒரு மொழியைப் பேசுவோரின் தொகை, அச்சில் அம்மொழியின் பெயர் அடிபடும் அளவு, அம்மக்களின் பொருள்வளம் ஆகியவையும் அதனை மக்கள் இனங்காண்பதைப் பாதித்தன. அதாவது காது நடுநிலையாளர் அன்று. செல்வாக்குள்ளவர் மொழியை அது எளிதில் அறிந்துகொள்கிறது. ஏழையின் மொழி அதற்கு வெறும் இரைச்சல்.

நம் நாட்டில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி என்று கூறிய பெயர்கள் 19,569. எழுத்து வேறுபாடுகளையும் மறுபெயர்களையும் களைந்து சீர்தூக்கியபின் நின்றவை 1,369. அவற்றுள் பதினாயிரம் பேருக்கு மேல் பேசுபவற்றை எடுத்துத் தொகுத்து, 121 மொழிகள் என்று வெளியிட்டார்கள். இத்தொகுப்பில் இந்தியின் கணக்கு 52 கோடியே 83 லட்சம். ஆனால் தம் தாய்மொழி 'இந்தி' என்றே கூறியவர்கள் 32 கோடியே 22 லட்சம் பேர். மீதியில் போஜ்புரியர் மட்டும் 5 கோடிக்கு மேல்; ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மககி என்று பட்டியல் நீளுகிறது. இத்தொகுப்பு முறை சரியா தவறா என்னும் வாதத்திற்குள் நான் நுழையவில்லை. அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. ஏட்டில் எப்படி எழுதினாலும் வாயில் அவை வேறு வேறாகவே ஒலிக்கின்றன என்பதே நான் சொல்ல வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைக் கூறுகிறேன். புறநகர் மருத்துவமனை ஒன்றில், நம்மவர் வீட்டு மூதாட்டியார் ஒருவர் தம் கணவரின் சர்க்கரைப் பரிசோதனைக்காகக் காத்திருந்தார். நான் உடன் சென்றிருந்தேன். கட்டட வேலைக்கு வந்த இளம்பெண் ஒருத்தியைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கொண்டுவந்து விட்ட மேஸ்திரி போய்விட்டான். துணைக்கு இருந்தது பத்து வயது தங்கை மட்டும். அப்பெண் 'ஹாசு, ஹாசு' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். செவிலியார் மராத்தியர். மராத்தியில் 'ஹாசூ' என்றால் சிரிப்பு. இந்தியில் கேட்டாலும் விடை இல்லை. "வலியில் வந்தவள் சிரிப்பு சிரிப்பு என்கிறாளே, இது என்ன கூத்து" என்று சலித்துக்கொண்டு அந்த அம்மாள் அடுத்த சீட்டை எடுத்தார். பீகாரியாக இருக்கும் என்றார் ஒருவர். வங்காளி என்றார் மற்றொருவர். வங்காளி தெரிந்த ஒருவர் வந்து பேசிப் பார்த்தார், பயனில்லை.

நம் மூதாட்டியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஜாம்ஷெட்பூரில் உருக்காலையில் பணியாற்றியவர். அங்கே இருபது ஆண்டு குடித்தனம் செய்தவர்கள். அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டபோது வாக்கியங்கள் 'கானா' என்று முடிவதையும், சொல்லின் கடைசி மெய் வெளியே வராமல் தொண்டையிலேயே அடைபட்டு நிற்பதையும் அவர் கவனித்தார். "இது இந்தியும் இல்லை, வங்காளியும் இல்லை. இது சந்தாலி" என்றார். அவருக்கு அம்மொழியில் வணக்கம் சொல்வதற்கு மேல் தெரியாது. அருகே சென்று 'ஜோஹார்' என்றார். அப்பெண் எழுந்திருக்க முயன்றாள்.

பின்னர் நடந்தது எளிது. ஜாம்ஷெட்பூரில் பழைய அண்டை வீட்டாருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் வீட்டில் வேலை செய்த சந்தால் பெண்மணி பேசினார். 'ஹாசு' என்றால் வலி. வயிற்றில் வலி, மூன்று நாளாக, முதலில் தொப்புளருகே, இப்போது வலப்பக்கம் அடியில். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நெடுந்தொலைவுக்கு அப்பாலிருந்து விடை வந்தது. குடல்வால் அழற்சி, அன்று இரவே அறுவை நடந்தது. சந்தாலி ஏதோ காட்டு மூலையில் நான்கு பேர் பேசும் மொழி அன்று. 2011 கணக்குப்படி 73 லட்சத்து 68 ஆயிரம் பேர் பேசுவது; 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது; ரகுநாத் முர்மு என்பார் 1925-இல் அதற்கென ஆக்கிய 'ஒல் சிகி' என்னும் எழுத்தும் உண்டு. அந்தக் கூடத்தில் இருந்த முப்பது நாற்பது பேரில் ஒருவருக்கே அதன் பெயர் தெரிந்திருந்தது.

ஜார்க்கண்டிலிருந்து தில்லிக்கு வந்து வீட்டு வேலை செய்யும் பெண்களின் பேச்சையும் தில்லி அன்பர்கள் சற்றுக் கூர்ந்து கேட்கவேண்டும். அவர்கள் பிறரோடு பேசுவது பெரும்பாலும் இந்தி அல்லது சாத்ரி. தமக்குள் தனித்துப் பேசும்போது சிலர் முண்டாரி பேசுவர். ஒராவோன் குடியினர் குடுக் பேசுவர். குடுக்கில் 'நான்' என்பது 'ஏன்', 'நீ' என்பது 'நீன்'. முன்னிலையாரை விலக்கிய தன்மைப் பன்மை 'ஏம்'. முன்னிலையாரையும் உள்ளடக்கியது 'நாம்'. ஆம், அதே 'நாம்', அதே பொருள். கங்கைச் சமவெளிக்குத் தெற்கே, நம் மொழிகளோடு தொடர்பற்று எத்தனையோ நூற்றாண்டுகள் தனித்திருந்த திராவிட மொழி அது. 2011-இல் 19 லட்சத்து 88 ஆயிரம் பேர் பேசினர். தில்லியில் நம்மவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண் தன் தங்கையிடம் 'நாம்' என்று சொல்லியிருக்கக்கூடும். அடுத்த அறையில் நாமும் சொல்லியிருப்போம்.

காதைப் பழக்க விரும்புவோர்க்கு இரண்டு வழிகள் சொல்வேன். ஆகாசவாணி பல மொழிகளிலும் செய்தி அறிவிக்கிறது. அன்றைய செய்தியைத் தமிழில் கேட்டுவிட்டு, அதே நாளில் மைதிலியிலோ ஒடியாவிலோ கேளுங்கள். பொருள் முன்னரே தெரிந்திருப்பதால் மனம் ஒலியின்மேல் நிற்கும். மற்றொன்று பழைய புதையல். கிரியர்சன் என்னும் அயர்லாந்து அறிஞர் நடத்திய இந்திய மொழிகளின் அளவாய்வு 1903 முதல் 1928 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது; 179 மொழிகளும் 544 வட்டார வழக்குகளும் அதில் கணக்கிடப்பட்டன. ஒப்பிட எளிதாகும் பொருட்டு, விவிலியத்தில் வரும் ஊதாரி மகன் கதையையே ஒவ்வொரு மொழியிலும் சொல்லச் செய்தார்கள். அக்காலத்துக் கிராமபோன் தட்டுகளிலும் பலருடைய குரலைப் பதிந்து வைத்தனர். நூறாண்டு கடந்த அக்குரல்கள் இப்போது இணையத்தில் யாவரும் கேட்கக் கிடைக்கின்றன. ஒரே கதை, வேறு வேறு வாய். பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

வடக்கே வந்தபின் கூர்மை பெற்ற காதோடு தமிழகம் திரும்புவோர்க்கு அங்கும் வேலை உண்டு. மதுரைப் பட்டுநூல்காரர் வீடுகளில் பேசும் சௌராஷ்டிரம் குஜராத்தி, மராத்திகளுக்கு உறவானது. தஞ்சைப் பகுதியில் மராத்தியர் ஆட்சிக் காலத்தில் வந்து தங்கிய குடும்பங்களின் மராத்தியை இன்றைய புனேக்காரர் கேட்டால் வியப்பார். பேருந்து நிலையத்தில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர் தமக்குள் பேசும் மொழியை நம் ஊரார் மொழி என்றே மதிப்பதில்லை; ஏதோ சங்கேதம் என்பார்கள். வாக்ரிபோலி என்பது அதன் பெயர்; குஜராத்திக்கு நெருங்கிய மொழி. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, ஆமதாபாத்திலோ சூரத்திலோ வளர்ந்த நம் பிள்ளைகளை அந்த மணிக்கடை அருகே சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். அவர்கள் சில்லறையை எண்ணுவதைக் கேட்கட்டும். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஐம்பது ஆண்டுகளாகப் புரியாத எண்களுள் பாதியைப் பேரக்குழந்தை அங்கேயே சொல்லிவிடும்.